அக்கா படிக்கும் கணக்கெடுப்பு இங்கிலீஷ்

மீன்கறி கொதிக்கும் வாசம் எட்டுகிற தூரத்தில்தான் இருப்பீர்கள் என்று நான் நம்புகிற என் அன்பு அத்தானுக்கு,

நாட்டு மக்களை எண்ண ஆள் வருவார்கள், வந்தால் அவர்களிடம் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தீர்கள். வந்துவிட்டார்கள். கொஞ்சம் தாமதம். போன மழைக்காலத்தில் நீங்கள் போனீர்கள், இந்த வருஷம் அவர்கள் வந்தார்கள். அரசாங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது யாருக்காகவும் அவசரப்பட்டதில்லை. நீங்கள்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. எண்ணக் கிளம்பியவர்களில் ஒருவர் உங்கள் மனைவி. பள்ளிக்கூடத்து ஆசிரியர்களைத்தான் இந்த வேலைக்குப் பிடிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நம் கேரளப் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பிரிவில் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' போடக் கற்றுக்கொடுக்கும் அக்காவுக்கும் ஆணை வந்தது. ஓய்வு பெற இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். ஓய்வு பெறப்போகிறவர்களுக்குத்தான் பொறுமை அதிகம் என்று பதில் வந்ததாம்.

நெய்யாற்றின்கரையில் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்த இளைஞர் எல்லாவற்றையும் இங்கிலீஷ் வார்த்தைகளில் சொன்னார். மலையாளத்தில் சொல்லக் கூடாதா என்று யாரோ கேட்டார்கள். சொன்னார். அது பாதிக்கு மேல் சமஸ்கிருதமாக இருந்ததால், தயவுசெய்து இங்கிலீஷிலேயே சொல்லுங்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். தமிழில் எப்படி இருக்கிறது என்று அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன். இங்கிலீஷே இருக்கட்டும் என்றாள் அவளும்.

ஆக, இந்த வயதில் உங்கள் மனைவி இங்கிலீஷ் படிக்கத் தொடங்கினாள். யாரிடம் என்பதுதான் கதை. அதற்கு முன்னால், நீங்கள் போன பிறகு வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் வருத்தப்படுவீர்களோ என்று இத்தனை நாள் ஒத்திப்போட்டேன்.

உங்கள் காரியங்கள் எல்லாம் முடிந்து, வீட்டில் முதல்முதலாக மீன் வாங்கிய அன்று கறி வைத்தது உங்கள் மருமகள் ரம்யா. வெள்ளறடையில் அவள் வீட்டு வழக்கப்படி குடம்புளி போட்டு வைத்துவிட்டாள். நம் வீட்டில் மீனுக்கு எப்போதும் சாதாப் புளிதான் அல்லவா? அக்கா ஒரு வாய் வைத்தாள். "ஆளு போயி மண்ணு காயல்ல, அதுக்குள்ள மீன்கறியும் மாறிப்போச்சு" என்றாள். அவ்வளவுதான். ரம்யா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் அக்கா ஒற்றை அடுப்பு ஒன்றை வாங்கிவந்து, பின்பக்கம் தகரக் கூரை போட்ட வொர்க் ஏரியாவில் தனிச் சமையல் தொடங்கினாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மாநில எல்லை களியக்காவிளையில் இருப்பதாக அரசாங்கம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அது உங்கள் வீட்டுச் சமையலறைக்கும் வொர்க் ஏரியாவுக்கும் நடுவில் வந்துவிட்டது.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹோட்டலில் நீங்களும் நானும் குடம்புளி மீன்கறியை வழித்துச் சாப்பிட்ட விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா முன்னால் சாட்சி சொல்கிற தைரியம் உங்களுக்கே இருந்ததில்லை. எனக்கு எங்கிருந்து வரும்?

இந்தப் பிரிவினையால் லாபம் அடைந்தவன் உங்கள் மகன் பிஜு ஒருவன்தான். அம்மாவின் அடுப்பில் காலை இட்லி. அதைச் செரிக்க விடாமல் ரம்யாவின் புட்டு. யாரையும் வருத்தப்பட வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அவன் பழைய பேண்ட் எதிலும் நுழைய முடியாத நிலைக்கு வந்துவிட்டான்.

பாடத்துக்கு வருகிறேன். முதலில் அக்கா என்னைத்தான் கேட்டாள். நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் அது எந்த மொழியிலிருந்து கிளம்பி எப்படி வந்தது என்று விளக்கத் தொடங்கினேன். "உனக்கு இங்கிலீஷ் தெரியும்லே. ஆனா உனக்குத் தெரிஞ்சது ஆருக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தானாகவே வாய்விட்டுப் படித்தாள். வீட்டின் நிலைமையைக் குறிக்க மூன்று வார்த்தைகள் உண்டு. 'குட்' என்றால் நல்ல வீடு. 'லிவபிள்' என்றால் ஏதோ குடியிருக்கலாம். மூன்றாவது, இடிந்து விழுகிற வீட்டுக்கானது. அதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் நாக்கு இடிந்து விழுந்தது. அப்போது சமையலறையிலிருந்து, யாரிடமும் சொல்லாத மாதிரி, ஒரு குரல் வந்தது. "டிலாப்பிடேட்டட்."

ரம்யா பி.காம். இங்கிலீஷ் மீடியம். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சரியாகத் திருப்பிச் சொன்னாள். மறுநாள் இன்னும் நாலு வார்த்தை. அதற்கு அடுத்த நாள் ரம்யா சமையலறை வாசல் வரை வந்து நின்று சொல்லிக்கொடுத்தாள். பேசுவதில்லை என்ற வைராக்கியம் தமிழுக்கும் மலையாளத்துக்கும் மட்டும்தான், இங்கிலீஷ் அதில் சேராது என்று இருவரும் தனித்தனியே முடிவு செய்திருக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, கூரை எதனால் ஆனது என்று பாடப்புத்தகம் போலப் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு மரியாதையான உரையாடல் அந்த வீட்டில் நீங்கள் இருந்தபோதுகூட நடந்ததில்லை.

அக்காவுக்குக் கற்றதை உடனே பயன்படுத்தியாக வேண்டும். பஸ் ஏறப் போகிற வழியில் ஒவ்வொரு வீடாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே நடந்தாள். என் ஊரான காரோட்டில் வீட்டுக்கு வந்தபோது சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். "லிவபிள்" என்றாள். வெள்ளையடித்து அதிக நாள் ஆகவில்லை, அத்தான். வருத்தமாகத்தான் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பாடம் 'ஹவுஸ்ஹோல்ட்' என்ற வார்த்தையில் வந்து தட்டியது. குடும்பம் என்றுதான் நாம் நினைப்போம். கணக்கெடுப்பில் அதற்கு ரத்த சம்பந்தம் வேண்டாம். ஒன்றாக வசிக்க வேண்டும், வழக்கமாக ஒரே சமையலறையில் சாப்பிட வேண்டும். அதுதான் ஹவுஸ்ஹோல்ட். அந்தச் சமையலறைக்குப் பெயர் 'காமன் கிச்சன்'. இதை ரம்யா படித்துக் காட்டினாள். படித்த பிறகு வீட்டில் யாரும் அடுத்த வார்த்தைக்குப் போகவில்லை.

பயிற்சியில் ஒத்திகை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா குடையும் பையும் எடுத்துக்கொண்டு தன் வீட்டு கேட்டுக்கு வெளியே போய், திரும்பி வந்து, தன் வீட்டு மணியையே அடித்தாள். ரம்யா கதவைத் திறந்து, தெரியாதவர்களை உட்காரச் சொல்வது போல உட்காரச் சொன்னாள். நான் டீயோடு ஒரு ஓரத்தில் இருந்தேன். சுவர், தரை, கூரை எல்லாம் இங்கிலீஷில் நன்றாகவே போயிற்று. வழக்கமாக இங்கே எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்று அக்கா கேட்டாள். மூன்று பேர் என்றாள் ரம்யா. எல்லோரும் ஒரே சமையலறையிலா சாப்பிடுகிறீர்கள்?

ரம்யா வொர்க் ஏரியாப் பக்கம் பார்த்தாள். அக்காவே தொடர்ந்தாள். அப்போது இங்கிலீஷ் தீர்ந்துவிட்டிருந்தது.

"பிஜு எனக்க அடுப்பிலேயும் திங்கான்."

"அது காலத்த உள்ள பலகாரம் மாமி. ஊணு இங்கயாக்கும்."

பிஜுவைக் கூப்பிட்டார்கள். "எலே, நீ எந்த ஹவுஸ்ஹோல்டு?" என்று அக்கா கேட்டாள். குளித்துவிட்டு வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போன பிஜு, வெகுநேரம் குளித்தான்.

இந்த முறை கணக்கைப் போனில்தான் பதிய வேண்டுமாம். அக்கா கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு, "அப்பம் இங்க ரெண்டு ஹவுஸ்ஹோல்டு உண்டு" என்றாள். "முன்னால ரெண்டு பேரு. பின்னால ஒத்த ஆளு." போனின் திரை அணைந்தது. அவள் அதைத் தட்டி எழுப்பவில்லை. உங்களோடும் பிள்ளையோடும் வந்து போகிறவர்களோடும் சட்டி நிறைய ஆக்கிப் பழகியவள், வொர்க் ஏரியாவில் ஒற்றை ஆளாகத் தன்னை எழுதுவார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தாள். அடுப்பை எடுத்துக்கொண்டு போனபோது எத்தனை பேருக்குச் சமைப்போம் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

"ஒண்ணுன்னே போட்டுக்கிடுங்க மாமி" என்றாள் ரம்யா.

"கள்ளம் எழுதப்பிடாது மக்களே. டிரெயினிங்ல சொல்லித் தந்தது உண்டு."

உங்கள் மனைவி அப்படிப்பட்டவள். குடையை எடுத்து உள்ளே வைத்தாள், ஒத்திகை முடிந்தது. ஆனால் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போல 'மக்களே' என்று சொன்னாள் அல்லவா? அந்த வார்த்தை அந்த வீட்டில் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

பிறகு நிஜமான கணக்கெடுப்பு தொடங்கியது. அக்காவுக்குக் கிடைத்த பகுதி வேறு. உங்கள் வீடு இருக்கிற பகுதி இன்னொரு டீச்சருக்கு. அந்த டீச்சர் எப்போது வந்தாலும் அக்கா யாருடைய வீட்டுக் கூரையையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஆக, உங்கள் வீட்டின் தலையெழுத்தைச் சொல்ல வேண்டிய பொறுப்பு ரம்யாவுக்கு வந்தது. அக்கா இதைத் தெரிந்துகொண்டுதான் தினமும் கிளம்பினாள். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லவில்லை.

டீச்சர் வருவதாகச் சொல்லியிருந்த அன்று நான் அங்கே இருந்தேன். அக்கா பஸ் ஏறியதும் ரம்யா என்னைக் கூப்பிட்டு, "மாமா, பின்னால உள்ள அடுப்புல ரெகுலேட்டரைக் கொஞ்சம் கழத்தித் தருவியளா? எனக்கு பயமாக்கும்" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். என் படிப்பு முழுவதிலும் ஒரு மனிதருக்குப் பயன்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன். அடுப்பைத் துடைத்து அட்டைப்பெட்டிக்குள் போட்டு பரண்மேல் ஏற்றினாள். அக்காவின் சட்டி, அகப்பை, அஞ்சறைப்பெட்டி எல்லாம் உள்ளே வந்தன. சாதாப் புளி இருந்த பரணி ஜாடி, குடம்புளிப் பரணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. டீச்சர் வந்தார், கேட்டார், பதில் வாங்கினார், டீ குடித்தார், போனார்.

சாயங்காலம் அக்கா களைத்து வந்து நேராக வொர்க் ஏரியாவுக்குப் போனாள். அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொன்னாய் என்று கேட்டாள். ஒரே ஹவுஸ்ஹோல்ட், மூன்று பேர் என்றாள் ரம்யா.

"கள்ளம்."

"கள்ளம் இல்ல மாமி. அடுப்பு காலத்தயே போயாச்சு."

"நார்மலின்னா வழக்கமான்னு அர்த்தம். இண்ணைக்குத் தொடங்குனது எப்பிடி வழக்கமாகும்?"

"நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் தொட்டு ஒண்ணாத்தானே தின்னோம்? அதாக்கும் வழக்கம். எடையில கொஞ்ச நாளு நடந்ததாக்கும் வழக்கம் இல்லாதது."

அக்கா யோசித்தாள். சொன்ன பதிலை எழுதிக்கொள்ள வேண்டும், வீட்டுக்காரரோடு வாதாடக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் வாதாடவில்லை. குடும்பத் தலைவர் யார் என்று என்ன சொன்னாய் என்று மட்டும் கேட்டாள்.

"உங்க பேருதான் சொன்னேன்."

"என்ட்ட கேக்காமலா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவிய."

குடும்பத் தலைவர் கை கால் கழுவிவிட்டு வந்து, அன்றைக்கு வாங்கிவைத்திருந்த சாளை மீனைப் பங்கு பிரித்தார். ஒரு சட்டியில் சாதாப் புளி, ஒரு சட்டியில் குடம்புளி. பக்கத்துப் பக்கத்து அடுப்பில் இரண்டும் கொதித்தன. இது என்ன புதுச் சம்பிரதாயம் என்று நான் கேட்டேன். காமன் கிச்சன் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது, காமன் சட்டி என்று எங்கேயும் இல்லை என்றாள் அக்கா. பிஜு இரண்டையும் சாப்பிட்டான். முன்பும் அதைத்தான் செய்தான். இப்போது சட்டப்படி செய்கிறான்.

இனி ஆட்களை ஒவ்வொருவராக எண்ணுகிற அடுத்த சுற்று வரப்போகிறது. மேசையில் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து அதற்கான வார்த்தைகளைத் தொடங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கொல்லங்கோட்டில் பிறந்து எல்லை தாண்டி இங்கே வாழவந்த அக்கா, கல்யாணம் காரணமாக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவள் என்று அதில் தெரியவந்தது. 'மைக்ரண்ட்' என்று அதற்குப் பெயர். ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் ஆட்டோவில் வந்து சேர்ந்த தூரத்துக்கு இவ்வளவு பெரிய மரியாதையா என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

கல்யாண நிலை என்று ஒரு கேள்வியும் அதில் உண்டு, அத்தான். கல்யாணம் ஆகாதவர், ஆனவர், பிரிந்து வாழ்பவர், விவாகரத்து ஆனவர் என்று எல்லாவற்றுக்குமான இங்கிலீஷ் வார்த்தைகளை அக்கா தடையில்லாமல் ஒப்பிக்கிறாள். நடுவில் இருக்கிற ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறாள். மறதி அல்ல. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே ஒன்றை விடுகிறாள். மற்ற எந்தத் தப்பையும் விடாத ரம்யா, அந்த இடம் வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள். நானும் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் நான் காரோட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த வார்த்தையை அவள் படிக்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம். அவளுக்குப் பதிலாக நான் சொல்லிவிடுகிறேன். என் உச்சரிப்பு மோசம்தான். அந்த வார்த்தைக்கு அது போதும்.

வாறேன் அத்தான்.

உங்கள் கல்யாணத்தன்று முதல் உங்கள் கட்சியிலேயே இருக்கிற,
மச்சினன்