வெள்ளைக் கோடு போட்ட டயர்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். மெக்கானிக் வண்டியை எடுக்க வருவார். சாவி உங்கள் நேற்றைய சட்டைப் பையில்தான் இருக்கிறது, வீட்டைப் புரட்டிப் போடாதீர்கள்.

நேற்று அகல டயர்தான் வேண்டும் என்று நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனதும் அவருக்குப் போன் போட்டேன். "அகல டயர் பார்க்க ஜம்முனு இருக்கும்க்கா. ஆனா வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்காது. செயின் கவர்லயும் உரசும்" என்றார். பழைய அளவிலேயே, ஈரத்தில் பிடிக்கிற டயராக இரண்டு சொல்லிவிட்டேன்.

அகல டயர் இல்லையென்றால் பழையதே போதும், ரோட்டைப் பிடிக்கிற பட்டன் இன்னும் தேயவில்லையே என்று மறுபடி ஆரம்பிக்காதீர்கள். பின் டயர் ஓரமெல்லாம் வெடித்து, ரப்பர் கல்லாகிக் கிடக்கிறது. அன்றைக்கு மழையில் வண்டி வழுக்கியது அதனால்தான். நான் பின்னால் ஆடியதால் இல்லை. உங்கள் அண்ணன் வீட்டில் எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னீர்களே, முழங்கைக் காயத்தைவிட அதுதான் வலித்தது. அன்றிலிருந்துதான் ஆபீஸுக்குப் பஸ்ஸில் போகிறேன்.

புது டயர் முதலில் கொஞ்சம் வழுக்குமாம். மெதுவாக ஓட்டுங்கள்.

பி.கு: நீங்கள் ஆசைப்பட்ட வெள்ளைக் கோடு இந்த அளவிலும் வருகிறதாம். அதையே போடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று: சாயங்காலம் ஆபீஸ் வாசலில் நிற்பேன். என் ஹெல்மெட்டையும் எடுத்து வாருங்கள்.