வண்டி அடிபட்டதா என்று கேட்டார்கள்

பே சிட்டி, மிச்சிகன்
அக்டோபர் 17, 2019

அன்புள்ள டெரெக்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே போட்டுவிடுவாயோ என்று பயந்து, விலாசத்தை உன் அம்மாவை எழுதித் தரச் சொன்னேன். நீ அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டைகளைச் சமையலறை இழுப்பறையில் ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். இதுவரை எட்டு அட்டை. எதிலும் என் பெயர் இல்லை. அது நியாயம்தான்.

இங்கே சர்க்கரை பீட் கிழங்கு அறுவடை தொடங்கிவிட்டது. லாரிகள் சிந்திய மண் சாலை முழுக்கச் சேறாகக் கிடக்கிறது. அம்மாவுக்கு ஜூன் மாதம் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறாள், படி ஏறுவது மட்டும்தான் சிரமம். பக்கத்து வீட்டு லைல் இன்னும் அப்படியேதான் இருக்கிறான். போன மாதம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “வெர்ன், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வர உனக்கு நேரமில்ல. அந்த வண்டியக் குளிப்பாட்ட மட்டும் நேரம் இருக்கா?” என்று கேட்டான். நான் சிரித்து வைத்தேன்.

நான் குளிப்பாட்டிய வண்டி எதுவென்று உனக்குத் தெரிய வேண்டும். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன், அறுவடையையும் முழங்காலையும் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அது நம் ஷெவெல்தான். அந்த எழுபதாம் வருஷத்து வண்டி. விபத்துக்குப் பிறகு அதை இரும்புக்கடையில் நசுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் போய்த் திரும்ப வாங்கி வந்தேன். அம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. கோல்பி கடைசியாக உட்கார்ந்த இடத்தை யாரோ ஒருவன் இயந்திரத்தில் போட்டு நசுக்குவதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்கு மேல் அன்றைக்கு எனக்கு எந்தத் திட்டமும் இல்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தேன். சட்டத்தை நிமிர்த்தினேன். வலப்பக்கம் முழுவதையும் ஒஹையோவில் கிடந்த வேறொரு வண்டியிலிருந்து வெட்டி எடுத்துப் பொருத்தினேன். அதே கருஞ்சிவப்பு, பானட்டில் அதே இரண்டு கறுப்புப் பட்டை. சென்ற வருஷம் இலையுதிர் காலத்தில் வேலை முடிந்தது. ஒரே ஒரு முறை வெளியே எடுத்தேன். விபத்து நடந்த ஆற்றுச் சாலைத் திருப்பம் கண்ணில் படும் முன்பே திரும்பிவிட்டேன். அதன்பின் ஒரு வருஷம் போர்வைக்குள் நின்றது. போன மாதம் வெளியே எடுத்துக் கழுவி, இந்த மாதம்தான் விற்பனைக்கு விளம்பரம் கொடுத்தேன். முழுதும் புதுப்பித்தது, அசல் எட்டு சிலிண்டர் இன்ஜின், ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி என்று போட்டேன். போட்டதில் பொய் எதுவும் இல்லை. போடாமல் விட்டதுதான் அதிகம்.

போன சனிக்கிழமை டொலீடோவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் பெயர் ஹார்லன், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி பெயர் வில்மா. இருவரும் கோடை முழுக்க ஊர் ஊராகக் கார் கண்காட்சிக்குப் போகிறவர்கள். நல்ல மனிதர்கள். நான் இன்ஜினைக் கிளப்பியதும் வில்மா கைதட்டினாள். முன்கதவைத் திறந்து வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டாள். ஊருக்குப் புறப்பட்டவள் போலச் சிரித்தாள்.

ஹார்லன் அதற்குள் சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்து, வண்டியின் உடம்பெல்லாம் ஓட்டிக்கொண்டே வந்தார். மேலே பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது, உனக்குத் தெரியும். வலப்பக்கக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். குனிந்து பற்றவைத்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். வேலையை நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். பிறகு, “இந்தப் பக்கம் அடிபட்டிருக்கா சார்?” என்று கேட்டார்.

சாதாரணக் கேள்வி. வாங்க வருகிற எவரும் கேட்கிற கேள்வி. சொல்லவேண்டிய பதிலையும் நான் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அந்த அம்மாள் அந்த இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள், டெரெக். தயாராக வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

“என் சின்னப் பையன் அந்த சீட்லதான் செத்துப்போனான்” என்றேன். “பெரியவன் ஓட்டிட்டுப் போனான். ஆனா தப்பு அவன்மேல இல்ல. என்மேல.”

இப்போது உனக்குச் சொல்கிறேன். சுற்றி வளைக்கமாட்டேன்.

நீ சிறையிலிருந்து வந்து, மீன்பிடி வேலைக்கு அலாஸ்காவுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். முன்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இடது சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் தனியாகத் தொங்கியது. மோதலில் உடைந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். துடைத்துப் பார்த்தேன். உடையவில்லை. மரையில் ஒரு கீறல்கூட இல்லை. நட்டு தானாகச் சுழன்று கழன்று விழுந்திருக்கிறது. நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு சின்னக் கம்பி ஊசியைச் செருகி வளைத்துவிடுவோமே, அந்த ஓட்டை சுத்தமாக இருந்தது. அதில் எதுவும் செருகப்பட்டதற்கான தடமே இல்லை.

அந்த டை ராடை விபத்துக்கு இரண்டு நாள் முன்பு மாற்றியவன் நான். எழுந்து போய் வேலை மேசையில் தேடினேன். அந்த ஊசி கடையில் கொடுத்த காகிதப் பொட்டலத்திலேயே, பிரிக்காமல், ஸ்பானர்களுக்கு அடியில் கிடந்தது.

அதை மாட்டிய அன்றைக்கு என்ன நடந்தது என்று பலமுறை யோசித்தேன். யாராவது கூப்பிட்டார்களா, போன் வந்ததா, கரண்ட் போனதா என்று. ஒரு காரணம் கிடைத்தால் நன்றாயிருக்குமே என்று தேடினேன். ஒன்றும் இல்லை. மறந்துவிட்டேன், அவ்வளவுதான். ஆலையில் முப்பது வருஷம் மற்றவர்கள் மாட்டிய நட்டைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

ஸ்டீயரிங் கேட்கவில்லை என்று நீ போலீசிடம் சொன்னாய். டாக்டரிடம் சொன்னாய். கால் உடைந்து கட்டிலில் கிடந்தபடி என்னிடமும் சொன்னாய். “அப்பா, நான் திருப்பினேன், வண்டி திரும்பல” என்றாய். அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். அதற்கு நான் சொன்ன பதிலும் மனப்பாடம். “உன் தம்பியக் கொன்னுட்டு, பழிய வண்டிமேல போடாத” என்றேன். நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். அதற்குப் பிறகு நீ ஸ்டீயரிங் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கோர்ட்டில் வேகமாகப் போனேன் என்று ஒப்புக்கொண்டாய். ஆறு மாதம் உள்ளே இருந்தாய். ஒரு முறைகூட நான் பார்க்க வரவில்லை.

நீ சொன்னது உண்மை. வண்டி திரும்பவில்லை. நீ யாரையும் கொல்லவில்லை.

இது தெரிந்து ஏழு வருஷம் ஆகிறது. ஏழு வருஷமும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தெரிந்தால் அம்மா என்னை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன். அது பாதிதான். உன்மேல் கோபமாக இருக்கும்வரை என் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கோபம் தீர்ந்த பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டியைப் பழையபடி ஆக்கிவிட்டால் ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று நினைத்தேனா என்று தெரியவில்லை. ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை பார்த்து மாட்டினேன். யாருக்காகப் பார்த்தேன்?

ஹார்லனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோதுதான் திரும்பினேன். கராஜ் வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாக அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை. வந்தவர்களுக்குக் காபி கொண்டுவந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

வில்மா பெல்ட்டைக் கழற்றி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினாள். அம்மா கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். ஹார்லன் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு, “நல்லா வேலை செஞ்சிருக்கீங்க, சார். ஆனா இதுல உக்காந்து நாங்க சிரிச்சுப் பேசிட்டுப் போகமுடியாது” என்றார். என் தோளில் ஒரு முறை கை வைத்தார். போய்விட்டார்கள்.

அம்மா அழவில்லை. டெரெக்குக்குத் தெரியுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்கு எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டாள். சொன்னேன். சமையலறைக்குப் போய், பேனாவும் இந்தக் காகிதமும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“நானே எழுதிருவேன், வெர்ன்” என்றாள். “ஆனா நான் எழுதினா எங்கயாவது ஒரு எடத்துல உனக்குப் பரிஞ்சு எழுதிருவேன். நீயே எழுது.”

அன்றிலிருந்து அவள் கோல்பியின் அறையில் படுக்கிறாள். சாப்பாடு போடுகிறாள். வேறு எதுவும் பேசுவதில்லை. விலாசத்தை மட்டும் எழுதித் தந்தாள்.

விளம்பரத்தை எடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு வக்கீலைப் பார்த்தேன். ஆல்பர்ட்டா கீன் என்று பெயர். டை ராடையும் அந்தப் பொட்டலத்தையும் கழற்றும்போது எடுத்த படங்களையும் அவரிடம் ஒப்படைத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உன் பெயரில் இருக்கும் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி மனு போடலாம் என்கிறார், ஆனால் அதற்கு உன் சம்மதம் வேண்டுமாம். அவருடைய விலாசச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். என்னோடு நீ பேசவேண்டியதில்லை, அவரோடு பேசினால் போதும். வண்டியை என்ன செய்வது என்பதையும் நீயே சொல். விற்கச் சொன்னால் விற்கிறேன். நசுக்கச் சொன்னால் நானே கொண்டுபோய் விட்டு, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுத மூன்று முறை பேனா எடுத்தேன். அந்தச் சொல்லைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒன்று மட்டும் கேட்டே ஆகவேண்டும்.

அடக்கத்தன்று சக்கர நாற்காலியிலாவது வருகிறேன் என்று நர்ஸிடம் சொல்லி அனுப்பினாய். வரக்கூடாது என்று நான் சொன்னேன். இன்றுவரை நீ உன் தம்பியின் கல்லறையைப் பார்த்ததில்லை. மேப்பிள் மரத்துக்குக் கிழக்கே, மூன்றாவது வரிசை. வசந்தத்தில் பனி உருகியதும் வா. அம்மா உன்னோடு வருவாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவனோடு இருந்துவிட்டுப் போ. நான் அங்கே இருக்கக்கூடாது என்று நீ நினைத்தால், ஒரு வார்த்தை எழுது. அன்றைக்கு நான் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டேன்.

கடலில் குளிர் அதிகம் என்கிறார்கள். கையுறை இல்லாமல் வலை இழுக்காதே. கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வெர்னான்