கூட்டத்தில் ஊதிய விசில்

ஒரகடம்,
6.8.2012

நடுவர் திலகம் அருள்பாண்டி சமூகத்துக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், எழுதித் தொலைக்கிறேன். வடக்குப்பட்டு ரூமில் ஆறு வருஷம் என் பாயில் படுத்தவன் நீ. நேற்றுப் பென்னலூர் கூடைப்பந்து லீக்கில், இருநூறு பேர் முன்னால் என்னைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினாய். என் மகள் கவியாவின் டீம் ஒரே பாயிண்டில் தோற்றது. கழுத்தில் விசில் தொங்கினால் நீ பெரிய மனுஷனா? கூட்டத்திலிருந்து விசில் ஊதியது நான்தான் என்று நீ பார்த்தாயா? சாட்சி யார்? ரிப்போர்ட்டை மாற்றி எழுது. இல்லையென்றால் எங்கள் கம்பெனிப் போட்டியில் இனி உனக்கு வேலை கிடையாது.

அந்தோணிராஜ்,
லைன் சூப்பர்வைசர்


ஸ்ரீபெரும்புதூர்,
9.8.2012

மாண்புமிகு சூப்பர்வைசர் அவர்களுக்கு,

கையெழுத்துக்குக் கீழே பதவியையும் போட்டிருக்கிறாய். அது இல்லாவிட்டால் நீ யாரென்று உனக்கே தெரியாது போல.

எதிர் டீம் ரத்னா பந்தோடு தனியாக ஓடினாள். கூடைக்கு இரண்டே எட்டு. அப்போது, பிளான்ட்டில் ஃபோர்க்லிஃப்டை நிறுத்த ஊதுகிற விசிலை எடுத்து ஊதினாய். ஊதியது நான் என்று நினைத்து அந்தப் பிள்ளை நின்றுவிட்டது. உங்கள் டீம் பிள்ளை பந்தைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள். பார்வையாளர் ஊதிக் கெடுத்த கூடை செல்லாது. பந்து யாரிடம் இருந்ததோ அவர்களுக்கே திரும்பக் கொடுத்தேன். ஊதியவர் வெளியே போனால்தான் ஆட்டம் என்றேன். நீயோ சுண்டலைக் கொறித்துக்கொண்டு ஆகாயம் பார்த்தாய். பதினாலு வயசுப் பிள்ளைகளை ஏய்த்து ஜெயிக்கப் பார்த்த உன்னை நினைத்தால் குமட்டுகிறது.

சாட்சி உண்டு, என் காதில் சொன்ன பிறகுதான் உன்னை வெளியே அனுப்பினேன். யாரென்று சொல்ல மாட்டேன். ரிப்போர்ட் போய்விட்டது, மீதி ஆட்டங்களுக்கு நீ உள்ளே வர முடியாது. உன் கம்பெனிப் போட்டியை நீயே ஊதிக்கொள்.

அருள்பாண்டி


ஒரகடம்,
16.8.2012

அருள்பாண்டி,

சாட்சியைத் தேடினேன். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உச்சிமாகாளியின் சட்டையைக்கூடப் பிடித்துவிட்டேன். நேற்று விசிலைக் காணோம் என்று வீட்டையே புரட்டினேன். கவியா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"அத குப்ப வண்டில போட்டுட்டேன். ரெஃப்ரி சார்கிட்ட சொன்னதும் நான்தான். ஞாயித்துக்கெழம நீ வராதப்பா."

உன் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, அது கிடக்கட்டும். ஒன்று மட்டும் எழுது. கேட்டுக்கு வெளியே, ரோட்டில் நின்று பார்த்தால் ரூல்படி தப்பா?

அந்தோணிராஜ்