அவர்கள் கைதூக்கினார்கள், நான் கைதட்டினேன்

என் ஆசை அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கடல் தாண்டி நாம் வந்து சேர்ந்த இந்தப் பிளானோ ஊரில் நீ பார்த்த காலி நிலமெல்லாம் இப்போது வீடு. பகலெல்லாம் கம்ப்யூட்டர், மிச்ச நேரமெல்லாம் ஜெர்மனி என்று கிடந்து எழுதினாயே, அந்தக் கையெழுத்துப் பிரதி என்னிடம்தான் இருக்கிறது.

1933இல் ஜெர்மன் நாடாளுமன்றம் தானே ஓட்டுப் போட்டுத் தன் அதிகாரத்தை ஒரு சர்வாதிகாரியிடம் தூக்கிக் கொடுத்தது. அதில் உன்னை அரித்தது ஒன்றுதான். நம்மைப் போன்ற கத்தோலிக்கர்களின் கட்சி, அதுவும் ஒரு பாதிரியார் தலைமையில், எப்படி அதற்குக் கைதூக்கியது? உரிமைகளைக் காப்பாற்றுவதாக எழுதித் தருகிறேன் என்றான் அவன். இதோ கடிதம் வருகிறது என்றார்கள். வரவே இல்லை. ஓட்டு மட்டும் விழுந்தது. சில மாதத்தில் அந்தக் கட்சியே இல்லை.

"படிச்சவங்க எப்படிண்ணே இப்படி ஏமாறுவாங்க? சரியான பயந்தாங்கொள்ளிங்க!" என்று நான் சிரிப்பேன்.

"பயம்னு சொல்லி முடிச்சிராத பாப்பா. வேற என்னமோ இருக்கு" என்பாய். அது என்ன என்று நீ எழுதவே இல்லை.

போன மாதம் நம் தமிழ்க் கத்தோலிக்கச் சங்கத்தின் பொதுக்கூட்டம். பூசை முடிந்து, பிரியாணி வாசனை ஹாலுக்குள் வந்துவிட்ட நேரம். அந்த நேரத்தில் யார் கையை எண்ணுவார்கள்? கைதட்டினால் தீர்மானம் நிறைவேறியது, அவ்வளவுதான். தலைவர் சேவியர் அங்கிள் எழுந்து, உன் பெயரில் நூலகம் என்றார். முதலில் கைதட்டியது நான்தான். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

எல்லோருக்கும் கொடுத்திருந்த தீர்மானத் தாளில், அதற்குக் கீழே இன்னொன்று இருந்ததைச் சாப்பாட்டு வரிசையில்தான் படித்தேன். சொந்தக் கட்டிடம் வாங்கும்வரை தேர்தல் கிடையாது. விதிகளைக் கமிட்டியே மாற்றிக்கொள்ளலாம்.

தட்டை வைத்துவிட்டு ஓடினேன். "அங்கிள், அடுத்த எலெக்‌ஷன் எப்போன்னு எழுதித் தாங்க."

"கண்டிப்பா லெட்டர் அனுப்புறேம்மா. என்னை நம்ப மாட்டியா?"

வைத்த தட்டை நான் மறுபடி எடுக்கவில்லை.

ஒரு மாதமாகத் தபால் பெட்டியைப் பார்க்கிறேன். கடைகளின் தள்ளுபடிக் கூப்பன்தான் வருகிறது. ஐம்பது குடும்பச் சங்கத்தை ஒரு நாட்டோடு சேர்த்துப் பேசுகிறேனே, எனக்குப் பைத்தியமா? இங்கே யாரும் யாரையும் ஜெயிலில் போடப்போவதில்லை. ஆனாலும் சந்தேகம் விடமாட்டேன் என்கிறது. உன் பெயரை எதற்கு அந்தத் தாளில் சேர்த்தார்கள்? என்னைத் தட்டவைக்கத்தானா?

"உங்க அண்ணன் பேர்ல லைப்ரரி. சந்தோஷப்படாம எதுக்கு நோண்டிக்கிட்டே இருக்க?" என்கிறார் உன் மச்சான்.

நேற்று அங்கிளுக்கு போன் பண்ணினேன். குரலில் தேன் ஒழுகியது. "ரெண்டும் ஒரே தீர்மானம்மா. அது போனா அண்ணன் பேரும் போயிரும். யோசிச்சுக்கோ."

யோசித்தேன், அழுதேன். ஹாலில் இரண்டு அலமாரி வைத்து, மேலே உன் பெயர்ப் பலகையும் மாட்டிவிட்டார்கள். இந்த ஊரில் உன் பெயர் இருக்கிற ஒரே இடம், கல்லறையைத் தவிர. அந்த ஜெர்மன்காரர்களைப் பார்த்துச் சிரித்தது தப்பு அண்ணே. அவர்களுக்கும் ஆசைப்பட்ட எதையோ காட்டியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்து நிற்பேன். கையை எண்ணச் சொல்வேன். தீர்மானத்தை ரத்து செய்ய யார் சம்மதம் என்று கேட்கும்போது, வேறு யாரும் தூக்காவிட்டாலும் என் கை மேலே இருக்கும். சத்தியம்.

உன் பெயரைச் சுவரிலிருந்து இறக்கப்போகும்
உன் ஒரே தங்கச்சி