பை பத்திரமாக வந்து சேர்ந்தது, மச்சான்

என் மச்சானுக்கு,

ஸலாம். நல்லா இருக்கீங்களான்னு உங்ககிட்ட எப்படிக் கேக்க? எனக்குத் தெரிஞ்ச கடுதாசி எல்லாம் அப்படித்தான் தொடங்கும், கேட்டுட்டேன். நாங்க இருக்கோம்.

இதத் தமிழ்ல எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. உங்க மவ ரிஸ்வானா எட்டிப் பாத்தாலும் நாலு வார்த்தைக்கு மேல கூட்டி வாசிக்க மாட்டா. தாராவியில பொறந்த புள்ள, என்கூடச் சண்டை போடறதே ஹிந்தியிலதான். அதனால என் பயத்தை எல்லாம் இங்க தைரியமாக் கொட்டலாம். உங்களையும் நல்லாத் திட்டலாம்.

இன்னைக்கு ஜும்மா முடிஞ்சதும் ஆணியில தொங்கின உங்க பைய எறக்கினேன். நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிஞ்ச கையோட உங்க சட்டை, சாரம் எல்லாத்தையும் இல்லாதப்பட்டவங்களுக்குக் கொடுத்தாச்சு. இந்த பிரவுன் பைய மட்டும் யாரும் தொடல. "அது இருக்கட்டும் மைனி, அண்ணன் கை பட்டபடியே இருக்கட்டும்"னு உங்க தங்கச்சி அழுதா. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. நீங்க மடிச்சு வச்ச மடிப்ப நான் ஏன் கலைக்கணும்?

ஆனா திங்கக்கெழம ரிஸ்வானா உங்க ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு உல்லாஸ்நகருக்கு டெலிவரி போறேங்கா. அதே வண்டி, அதே ரோடு. முடியவே முடியாதுன்னு நான் கத்தினேன். "உம்மா, நம்ம பட்டறையில வாப்பா தச்ச தோல் பைங்களுக்காகத்தான் அந்தக் கடைக்காரங்க இன்னும் காத்திருக்காங்க. நாம போகலன்னா வேற ஆள்கிட்ட வாங்கிருவாங்க. அப்புறம் பட்டறைய இழுத்து மூடிட்டு என்ன செய்யப் போறோம்?"னு கேட்டா.

ஞாபகம் இருக்கா, அந்த ஹைவேயில யாரோ ஒரு பையன் அடிபட்டு ரத்தம் போய்க் கெடந்தான்னு, சட்டையெல்லாம் கறையோட நீங்க வீட்டுக்கு வந்தது? சுத்தி நின்னவங்க எல்லாம் போன்ல படம் எடுத்தாங்களாம். உங்களுக்கும் என்ன செய்யறதுன்னு தெரியல. சோறு எறங்காமக் கெடந்தீங்க. அப்புறம் ஆண்டாப் ஹில்லுக்கு ஞாயித்துக்கெழம கிளாஸுக்குப் போய் ரத்தத்தை நிப்பாட்டக் கத்துக்கிட்டு வந்தீங்க. உங்க கையாலேயே இந்த பிரவுன் பையத் தச்சு, அதுல பேண்டேஜ், காஸ் துணி, கிளவுஸ், துணிய வெட்டற கத்திரி, தொடையவோ கையையோ இறுக்கிக் கட்டற பட்டை எல்லாத்தையும் அடுக்கி, ஸ்கூட்டர்ல எப்பவும் கூடவே கொண்டுபோனீங்க.

அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒரு ஜும்மா அந்தப் பைக்குத்தான். பழைய பெட்ஷீட்ட விரிச்சு எல்லாத்தையும் பரப்பி, எது காலாவதி ஆயிருக்கு, எந்த டேப்புல பசை போயிருக்குன்னு பாப்பீங்க. கறி ஆறிப்போகும். "எனக்குச் சக்களத்தி வந்துட்டா"ன்னு நான் சொன்னா, "அவ உன்ன மாதிரி பேச மாட்டா"ம்பீங்க. எவ்வளவு கொழுப்பு உங்களுக்கு!

அவ பேசியிருக்கணும் மச்சான். அன்னைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கணும்.

வெளியில ஒரு சிவப்புத் துணியாவது வச்சுத் தைங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? "போடி, பையோட அழகே போயிரும். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல"ன்னீங்க. கடைக்காரன் கண்ணுக்குத் தச்ச மாதிரி மினுமினுன்னு தச்சு வச்சீங்க. உங்களுக்குத் தெரியும், சரி. நீங்களே கீழ விழுந்து கெடந்தா? அடுத்தவனுக்கு அடிபடும்னே நெனச்சீங்களே, உங்க உடம்புல மட்டும் என்ன, ரத்தம் ஓடலையா?

உங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரர் வீட்டுக்கு வந்தாரு. மராட்டிக்காரர், உங்க வயசுதான் இருக்கும். செம்பூர் பக்கம் மழையில குழி தெரியாம வண்டி சரிஞ்சதையும், பின்னால வந்த டெம்போ உங்க தொடையில ஏறினதையும் அவர்தான் சொன்னாரு. உங்களுக்கு நினைவு இருந்துச்சாம். "பேக், பேக்"னு கையை நீட்டிக் கேட்டுக்கிட்டே இருந்தீங்களாம்.

பாவம், உங்க சரக்குப் பணம் அதுல இருக்குன்னு நெனச்சிருக்காரு. இந்த ஊர்ல வேற என்ன நெனைப்பாங்க? கூட்டத்துல எவனும் அடிச்சிட்டுப் போயிரக் கூடாதுன்னு, ஜிப்ப மூடினபடியே மடியில வச்சு அணைச்சுக்கிட்டாராம். "பாய், பேக் சேஃப் ஹை, டென்ஷன் மத் லோ"ன்னு, பை பத்திரமா இருக்கு பயப்படாதீங்கன்னு வழியெல்லாம் உங்களுக்குத் தைரியம் சொல்லிக்கிட்டே ஆட்டோ ஓட்டியிருக்காரு. நீங்க அப்பவும் கேட்டீங்களாம். அப்புறம் கேக்கலையாம்.

யாராவது அங்கேயே இறுக்கிக் கட்டியிருந்தா, அப்படின்னு ஆரம்பிச்ச டாக்டர் என் மூஞ்சியப் பாத்துட்டுப் பேச்ச நிறுத்திட்டாரு.

அந்த மனுசன் பைய என் கையில கொடுத்து, "பாத்துக்கங்க பாபிஜி, ஒரு சாமான் கூடப் போகல, யாரையும் தொறக்க விடல"ன்னு சொல்லிட்டுக் கண்ணத் தொடச்சாரு. நான் டீ போட்டுக் கொடுத்தேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்லல மச்சான். சொல்லவும் மாட்டேன். முன்னப்பின்ன தெரியாத ஆளோட பொருள உசிரா நெனச்சுக் காப்பாத்தினவரு, அவராவது நிம்மதியாத் தூங்கட்டும். அவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது, அல்லாவுக்கு நன்றி. நான் செஞ்சது சரிதானே?

இன்னைக்கு உங்க பெட்ஷீட்டையே விரிச்சேன். ரிஸ்வானா ஒவ்வொண்ணா எடுத்து வச்சா. காஸ் துணிக்கு நாள் தாண்டிருச்சு. டேப்பு உரிச்சா ஒட்டவே மாட்டேங்குது. இந்த ஊர் சூட்டுலயும் ஈரத்துலயும் கிளவுஸ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கெடந்துச்சு. பிரிக்கும்போதே கிழிஞ்சுச்சு, பாத்தா உங்க சைஸ், எங்க ரெண்டு பேர் கைக்கும் தொளதொளங்குது. அதக் குப்பையில போட எனக்குக் கை வரல. அவ பிடுங்கிப் போட்டா. "கிழிஞ்ச கிளவுஸ வச்சு யாரக் காப்பாத்தப் போறீங்க?"ன்னு கத்திட்டு, அவளே பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தா. தண்ணியத் தொறந்து விட்டா எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு.

மாட்டுங்காவுல மருந்துக் கடையில புதுசா எல்லாம் வாங்கி வந்தோம். கட்டற பட்டை மட்டும் ரெண்டு. ஒண்ணு பழகிப் பாக்க, ஒண்ணு பைக்குள்ள வைக்க. அவசரத்துல கவரைக் கிழிக்க முடியாதுன்னு கவர்ல இருந்து எடுத்து, மேலாகவே வச்சா. பட்டை கட்டின நேரத்தைக் குறிக்கற பேனாவும் காஞ்சு போயிருந்துச்சு, மாத்திட்டோம். உங்க கத்திரிய மட்டும் மாத்தல. அது இன்னும் ஜீன்ஸ் துணிய வெண்ணெயா வெட்டுது.

அப்புறம் நானே மெஷின்ல உக்காந்து, பைக்கு முன்னாலயும் பின்னாலயும் ரத்தச் சிவப்புல தோல் வச்சுத் தச்சேன். ரத்தம் வந்தா இதத் தொறங்கன்னு ஹிந்தியிலயும் மராட்டியிலயும் கொட்டை எழுத்துல எழுதினா ரிஸ்வானா. பை பாக்க அசிங்கமாத்தான் இருக்கு. இருக்கட்டும்.

"உம்மா, படுங்க, கட்டிப் பழகணும்"னா. படுத்தேன். கிளாஸுல நீங்க படிச்சுட்டு வந்து அவளுக்குச் சொன்ன மாதிரியே, தொடையில மேலாகப் பட்டையச் சுத்தி, அதுல இறுக்கறதுக்குன்னு இருக்கற குச்சியத் திருக ஆரம்பிச்சா. ஒரு திருகுக்கே உசிர் போற வலி மச்சான். கண்ணுல பொலபொலன்னு தண்ணி வந்துருச்சு. அவ பயந்துபோய்க் கைய எடுத்துட்டா. "அவ்வளவு வலிக்குதா உம்மா? அவுத்துடவா?"

"இல்லடி. இன்னும் கொஞ்சம் இறுக்கு"ன்னேன்.

இந்த வலி உங்களுக்குக் கெடச்சிருந்தா, இப்ப நீங்க இங்க உக்காந்து எங்கிட்ட வசவு வாங்கிக்கிட்டு இருந்திருப்பீங்க. அவளும் புரிஞ்சுக்கிட்டா. குச்சியப் பிடிச்சபடியே என் வயித்துல மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டா, அப்புறமாத்தான் அவுத்தா.

திங்கக்கெழம அவளப் போகச் சொல்லிட்டேன். பயம் போயிருச்சுன்னு நெனச்சிராதீங்க. ஸ்கூட்டர்ல ஏறவே பயந்த நான், அவ பின்னால உக்காந்து போகப்போறேன். நான் இருக்கற வரைக்கும் அந்த ரோட்டுல எவன் விழுந்து கெடந்தாலும், அவன் என்ன கேக்கறான்னு குனிஞ்சு கேப்பேன். கேட்டதத் தொறந்து கொடுப்பேன். இது சத்தியம்.

உங்க மாமா மவ,
ஜமீலா