உன் பக்கத்தில் என் நாடித்துடிப்பு

இன்று காலை முப்பத்தெட்டு ரெக்கார்டு நோட்டுகள் மேசைக்கு வந்தன. புது பிரவுன் அட்டையும் பசையும் கலந்த அந்த வாசனை, பத்து வருஷமாகியும் எனக்கு உன் ஞாபகம்தான். இந்தச் சிதம்பரம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உடற்கல்விப் பாடம் எடுக்கிறேன் என்றால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். எனக்கு அலுப்பாக இருக்கிறதடி.

கடலூரில் படித்தபோது நாம் இந்தப் பாடத்தை எடுத்ததற்கு ஒரே காரணம், கணக்கிலிருந்து தப்பிப்பது. அந்த வழியைக் கண்டுபிடித்தவள் நீ. "ஓடனா மார்க்கு, குதிச்சா மார்க்கு. வேற இன்னாடி வேணும்?" என்றாய். எழுத்துத் தேர்வுக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீதான். இதயம் பற்றிய பாடம் உனக்குத் தலைகீழாகத் தெரியும்.

அந்தப் பாடத்தின் முதல் பயிற்சி, அவரவர் நாடித்துடிப்பை எண்ணி எழுதுவது. எனக்கு எழுபத்திரண்டு. உனக்கு நூற்றுப் பதினெட்டு, அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது. சார் மூன்று முறை திருப்பி எண்ணச் சொன்னார். "கணக்கு வராதுன்னுதானே இங்க வந்தே, எண்ணக்கூடவா தெரியாது?" என்று அவர் கேட்க, வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவள் நான். நீ ரப்பரால் அழித்துவிட்டு, என் நோட்டைப் பார்த்து எழுபத்திரண்டு என்று எழுதிக்கொண்டாய்.

செய்முறைத் தேர்வில் அறுநூறு மீட்டர் ஓட வேண்டும். உனக்கோ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். "ரத்தம் கம்மிடி, பேரீச்சம்பழம் சாப்ட்டா சரியாப் பூடும்" என்பாய். அன்று சார் பையன்களோடு நீளம் தாண்டும் இடத்தில் இருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மட்டும்தான் நம் பக்கம் கடிகாரத்தோடு நின்றார். முதல் குழுவில் நான் என் பெயருக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து உன் நம்பர் துணியை என் சட்டையில் ஊக்கு போட்டுக் குத்திவிட்டாய். இரண்டாவது குழுவில் உன் பெயருக்கு ஓடினேன். "நீ முன்னாடியே ஓடலம்மா?" என்று அவர் சந்தேகப்பட்டபோது, வேப்பமரத்தடியிலிருந்து நீ கத்தினாய்: "அது இவ அக்கா சார், ரெட்டப் பொறப்பு!" சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடியதில்தான் எனக்கு மூச்சு வாங்கியது.

இரண்டு வருஷம் கழித்து, இதே சிதம்பரத்தில், கல்லூரி மாடிப்படியில் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்றார்கள். சிறு வயதிலிருந்தே இதய வால்வு சுருங்கியிருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. இரண்டு வருஷம் முன்னால் தெரிந்திருந்தால்கூட ஆபரேஷன் செய்திருக்கலாம் என்றார் டாக்டர். உன் அம்மா நம்பவில்லை. என்னை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினார்.

"பரீட்சையில அறுநூறு மீட்டர் ஓடுச்சி சார் எம் பொண்ணு. இதோ இவளோடதான் ஓடுச்சி. நீயே சொல்லும்மா!"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

நீ அன்று ஓடியிருந்தால் பாதியில் உட்கார்ந்திருப்பாய். யாராவது ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோயிருப்பார்கள். இதை நினைத்து நினைத்து எனக்கே சலித்துவிட்டது. போன மாதம், எப்படியும் சொல்லிவிடுவது என்று கடலூருக்குப் போனேன். உன் அம்மா காபி கொடுத்துவிட்டு உன் ரெக்கார்டு நோட்டை எடுத்து வந்தார். நான் ஓடிய நேரம் எழுதியிருந்த பக்கத்தைத் தடவிக்கொண்டே, "எப்டி ஓடியிருக்கா பாரு" என்றார். காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இன்றைய நோட்டுகளில் இரண்டில் ஒரே எண் இருந்தது, எழுபத்தாறு. அந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டேன்.

"தப்பா மிஸ்?"

"இல்லம்மா. கையக் குடு."

ஒவ்வொருத்தியின் மணிக்கட்டையும் பிடித்து முழு நிமிஷமும் எண்ணினேன். ஒருத்திக்கு எண்பது, இன்னொருத்திக்கு எழுபத்து நான்கு. நன்றாகத்தான் இருக்கிறார்கள். மிச்சம் முப்பத்தாறு பேர். வருஷா வருஷம் எல்லோரையும் நானே எண்ணுகிறேன். அன்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் உன் கையை ஒரு தடவை பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நீ சரியாகத்தான் எண்ணியிருந்தாயடி.