கால் ஒடிந்த கலம்

அத்தான்,

சோறும் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டு முத்துசெல்வியக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், கேம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த விண்வெளி கேமில் சேர்க்க நான் செய்து வெளியிட்ட இறங்குகலம், நிலாவைத் தொட்டதும் கால் ஒடிந்து விழுகிறது என்று, இன்டர்நெட்டில் அந்த கேம் ஆடுகிறவர்கள் எல்லாரும் படிக்கிற ஃபோரத்தில் எழுதினீர்கள். ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் சிரித்தார்கள். பக்கத்து அறையில் இருந்த என்னிடம் முதலில் சொன்னால் என்ன என்று கேட்டதற்கு, "டெஸ்ட் பண்ணுதவனுக்குப் பொண்டாட்டின்னு தனியா கிடையாது" என்றீர்கள்.

இன்று காலையில் கேமில் சேர்க்க மற்றவர்கள் செய்த கூடுதல் துண்டுகளை, அந்த மோடுகளை எல்லாம் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். கலம் அசையாமல் நிற்கிறது. நீங்கள் நீக்காமல் விட்டிருக்கும் அந்தப் பழைய ஈர்ப்புவிசை மோடைச் சேர்த்தால்தான் கால் ஒடிகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். என் கலம் என்றதும் அது மறந்துவிட்டதா?

என் கூடப்பிறந்த அக்கா வீட்டில் உளுந்து பிடுங்குகிறார்கள், இடைசெவல் போகிறேன். சாயங்கால பஸ்ஸில் திரும்புவேனா என்று தெரியவில்லை.

பொன்மணி

குழம்பில் உப்பு குறைவு. அதையும் ஃபோரத்தில் போட்டுவிடாதீர்கள்.

கால் ஏன் ஒடிந்தது என்று நான் அங்கே எழுதவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.